லீவுக்குக் காத்திருந்த பயிர்

என் தம்பி பெண்டாட்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவளாகவும் இருந்துகொண்டு, அந்த வீட்டில் என் இடங்களில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த முறை மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். சென்னையில் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை. அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும், பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மாயவரம் ரயிலில் ஏறிவிட்டேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மாயவரத்திலிருந்து பஸ். வாய்க்கால் கரையில் பஸ் திரும்பினால் முதலில் எங்கள் லுத்தரன் சர்ச் ஓடு தெரியும், அதற்குப் பின்னால் எங்கள் தெரு.

வாசலில் மூங்கில் பிளாச்சில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து முனைக்கும் ஐந்து நிறத்தில் காகிதம் ஒட்டி, வால்கூட வைத்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டுவது நான். நான் கட்டினால் ஒரு முனையாவது கோணிக்கொண்டு நிற்கும். இது கோணவில்லை. யார் கட்டினது என்று கேட்டேன். தம்பி சொன்னால்கூடப் பரவாயில்லை, இறங்கி ஐந்து நிமிஷம் ஆகாத என் மகள், "அத்தைதான்" என்று சொன்னாள். அதற்குள் விசாரித்துவிட்டு வந்து, அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா, "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டாள். அது என்னைக் கூப்பிடுகிற பேர். பள்ளிக்கூடத்தில் வேறு பேர் இருந்தாலும் வீட்டில் நான் பாப்பாதான். "என்னம்மா?" என்று எழுந்து போனேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "உன்ன இல்லடி, அவள" என்றாள். கொல்லையிலிருந்து என் தம்பி பெண்டாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "தோ வந்துட்டேம்மா" என்று வந்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டுத் திரும்பினேன். தாகமே இல்லை.

அவள் பூதலூர்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சபைக்கு வந்தவள். அச்சு முறுக்கு சுட்டால் ஒன்றுகூட உடையாது. அம்மா மாத்திரையை அவள் கையால் கொடுத்தால்தான் போட்டுக்கொள்வாள். இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று இருந்தது. அதைச் சொல்ல, என் பத்து வயதுக்குப் போகவேண்டும். 

மெட்ராஸில் ஆட்சி மாறி, எங்கள் தெரு வேப்பமரத்தில் ஒரு கொடியும், அதற்கு எதிர்த்தாற்போல் சிவப்பாக இன்னொரு கொடியும் பறந்த காலம். அப்பா மிராசுதாரின் வயல் ஒன்றைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். மடையைத் தாண்டி ஒற்றைப் பனைமரத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும் வயல். குத்தகைதாரர் என்று அப்பா தன் பேரைப் பதியப் போனது மிராசுதாருக்குத் தெரிந்துவிட்டது. அறுப்பு அன்றைக்கு அவருடைய காரியஸ்தர் வெளியூர் ஆட்களை இரண்டு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். துணைக்கு இரண்டு போலீஸ்காரர்கள். ஒரு வண்டியின் முன்னால் காரியஸ்தரின் மகன் உட்கார்ந்திருந்தான். என்னைவிட நாலைந்து வயது பெரியவன்.

சட்டத்தில் எப்படியோ, எங்கள் பக்கத்து வழக்கத்தில் முதல் அரி யார் வைத்தார்களோ அவர்களுடையது விளைச்சல். ஒரு கை நிறையக் கதிரைப் பிடித்து அறுத்துக் கீழே போடுவதுதான் அரி. வரப்பில் இந்தப் பக்கம் எங்கள் தெரு மொத்தமும் நின்றது, அந்தப் பக்கம் வண்டிகள்.

"டேய், வயல்ல கால் வச்சே, அப்பறம் ஸ்டேஷன்லதான் கெடப்பே" என்றார் காரியஸ்தர்.

"நான் வைக்கலிங்க" என்றார் அப்பா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு குனிந்து என் காதில், "பாப்பா, நீ போயி ஒரு கை அறு. பயப்படாத. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக் கருக்கரிவாளைக் கையில் கொடுத்தார்.

நான் இறங்கி அறுத்தேன். பயத்தில் ஒரு பிடி என்று இரண்டு பிடி அறுத்தேன். காரியஸ்தர் போலீஸைப் பார்த்துக் கத்தினார். மூத்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "பத்து வயசுப் பொண்ணு மேல என்னன்னுங்க கேஸ் எழுதறது?" என்றார். அதற்குள் எங்கள் தெருப் பெண்கள் மொத்தமும் வயலில் இறங்கிவிட்டார்கள். வெளியூர் ஆட்கள் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து நான் கைராசிக்காரி. அப்பா வேறு யாரையும் முதல் அரி வைக்க விடமாட்டார். தெருவில் மற்றவர்களும் என்னை அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். "ஒரு கை, ஒரு போகத்துக்கு ஒரு வயல்லதான் மொதல் வைக்கணும். ரெண்டு எடத்துல வச்சா ராசி பிரிஞ்சு போயிரும்" என்று அப்பா சொல்லிவிடுவார். அறுத்த முதல் அரியை வைக்கோல் பிரி சுற்றிக் கட்டி, வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்ச் சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் வைப்பேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஐயருக்கு ராசி கீசி என்ற பேச்சே ஆகாது. முதற்பலன் காணிக்கை என்று சொல்லி வாங்கிக்கொள்வார்.

பிறகு என்னைத் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கே போன பிறகும் அப்பா விடவில்லை. நாற்று விடுகிற சமயத்தில் ஹாஸ்டலுக்கு வந்து நிற்பார். "அரையாண்டு லீவு எப்போன்னு கேட்டுச் சொல்லு பாப்பா. அதுக்குத் தக்கனதான் நாத்து விடணும்" என்பார். கணக்குத் தப்பிப் பயிர் முன்னாலேயே முற்றிவிட்டால் அப்படியே நிறுத்திவைப்பார். நெல் கொட்டுகிறது என்று தெருவே திட்டும். லீவுக்கு வந்த மறுநாள் காலையில் ஒன்றும் சொல்லாமல் அரிவாளைக் கையில் கொடுப்பார். முன்கூட்டி ஒருநாளும் சொன்னதில்லை. வேறு யாருக்காவது அப்படி ஒரு வயல் காத்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காத்திருந்தது.

பிறகு மிராசுதார் கேஸும் வேண்டாம், வம்பும் வேண்டாம் என்று நிலங்களை விற்றுத் தொலைத்துவிட்டுப் பட்டணத்தோடு போனார். பனைமரத்து வயல் எங்களுக்கு வந்தது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருந்த மேட்டு வயலைக் காரியஸ்தர் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நான் கொல்லைப்பக்கம் போனாலும் அந்த வயலைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. காரியஸ்தர் இறந்துபோனார், அப்பாவும் போனார், வைராக்கியம் மட்டும் என்னிடம் இருந்தது.

கிறிஸ்துமஸ் தடபுடலாக நடந்தது. ஆராதனை, கறிச்சோறு, வருவோர் போவோர். வயல்பக்கம் போக எனக்கு நேரமே இல்லை. பண்டிகை கழிந்த மறுநாள் சாயங்காலம் தம்பி வந்து, "நாளைக்கு அறுப்பு, அக்கா. ஆள் சொல்லியாச்சு" என்றான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றது. அதை வெளியே காட்டாமல் அம்மாவிடம், "நான் வராத வருஷமெல்லாம் யாரும்மா மொதல் வச்சா?" என்று கேட்டேன்.

"வேற யாரு? உன் தம்பி பொண்டாட்டிதான். மூணு வருஷமா அவதான் வைக்கிறா. நல்லாத்தான் வெளையுது" என்றாள் அம்மா.

நல்லாத்தான் விளைகிறதாம். ஆள் இல்லாததற்கு வைத்தாள் என்று சொல்லக்கூடாதா? சர்ச்சுக்குக் கொண்டுபோனதும் அவள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஞானஸ்நானம் வாங்கினதிலிருந்து அந்தச் சர்ச்சில் வளர்ந்தவள் நான். நேற்று வந்தவள் என் கதிர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடந்திருக்கிறாள். அம்மா பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அடுக்களைப்பக்கம் பார்த்தேன். யாரோ புதுப் பிடி போட்டுக்கொண்டு வந்து கொடுத்த அரிவாளை அவள் வாங்கி, துணியில் துடைத்துக் கூரை எரவாணத்தில் செருகினாள். தனக்கென்று புதுப் பிடி வேறா என்று நினைத்தேன்.

கேட்டிருக்கலாம். நான் வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். என் வீட்டில் என் வேலையை நான் ஏன் கேட்டு வாங்கவேண்டும்?

விடிகிற நேரத்தில் எழுந்தேன். வீட்டில் இன்னும் அரவம் இல்லை. எரவாணத்திலிருந்து அந்த அரிவாளை உருவிக்கொண்டு கிளம்பினேன். பனி முகத்தில் அடித்தது, புடவைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டேன். மடையைத் தாண்டி, வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைப் பனைமரத்துக்குக் கீழே போய் நின்றேன். பயிர் மடிந்து சாயாமல் நன்றாக முற்றியிருந்தது. அப்பா முகம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். ஜெபத்தில் பாதி அவளைப் பற்றித்தான் இருந்தது. பிறகு இறங்கி ஒரு கை நிறையப் பிடித்து அறுத்தேன். பிடி என் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவள் கை என் கையைவிடப் பெரியது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. மூன்று வருஷத்து ராசியை ஒரே இழுப்பில் திருப்பி வாங்கிவிட்ட சந்தோஷத்தில் நின்றேன்.

"என்ன டீச்சர், காலங்காத்தால?"

வரப்பில் காரியஸ்தர் மகன் நின்றார். தலையில் மப்ளர், கையில் மண்வெட்டி. பின்னால் ஆட்கள் இரண்டு பேர். அவருடைய அப்பா என் அப்பாவை டேய் என்பார். இவர் என்னை டீச்சர் என்கிறார். அந்த அளவுக்கு நாடு முன்னேறியிருந்தது.

"எங்க வயல்ல நான் அறுக்கறேன். உங்களுக்கு என்னங்க?" என்றேன். பழைய கோபம் மொத்தமும் அதில் இருந்தது.

அவர் மண்வெட்டியைக் கீழே ஊன்றினார். "உங்க வயலா?" என்றார்.

"பின்ன?"

"தம்பி சொல்லலிங்களா? மாத்திக்கிட்டு ரெண்டு வருஷம் ஆச்சே. இது இப்ப என்னுது. உங்களுது உங்க கொல்லைக்குப் பின்னால இருக்கு."

என் கையில் கதிர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்தவர் பயிரில் அரிவாள் வைப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. அதற்காக மண்டை உடைந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு தடவ எங்கப்பாகிட்டேருந்து இதே வயல அறுத்தே வாங்குனீங்க. நான் வண்டியில ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அவர். "மறுபடியுமா?"

அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை என்றுதான் பட்டது.

அப்போது மடைப்பக்கமிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் தம்பி பெண்டாட்டி ஓடிவந்தாள். எரவாணத்தில் அரிவாள் இல்லை, நானும் இல்லை, செருப்புத்தடம் இந்தப் பக்கம் போகிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான்தான் அண்ணிய அனுப்புனேன். போன போகம் பூச்சி அடிச்சு உங்களுக்குப் பதராப் போச்சுன்னு உங்க வீட்டு அக்கா அவ்வளவு வருத்தப்பட்டாங்கல்ல? எங்க அண்ணி கை ராசியான கை. உங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பியிருக்கணும், மறந்துட்டேன்" என்றாள்.

அவர் என் கையிலிருந்த கதிரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. "அப்படியா சேதி. முன்னாடியே சொல்லியிருந்தா தேங்காப் பழம் எடுத்துட்டு வந்திருப்பேனே" என்றார். பிறகு என்னிடம், "தெரியாமப் பேசிட்டேன் டீச்சர். அந்த அரிய நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க கோயில்ல வைங்க" என்றார்.

எவ்வளவு சுத்தமாக ஒரு பொய். எனக்கு அது தோன்றவே இல்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவள், மரம் மாதிரி நின்றேன். அந்தப் பொய்க்காகவும் அவள் மேல் பொறாமைப்பட்டேன்.

திரும்பி வருகிற வழியில், "வயல மாத்துனத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்தோம் அண்ணி. விட்டுப் போச்சு. அது பள்ளம், மழைக்குத் தண்ணி வடியல. அந்த அண்ணனுக்கு அந்தப் பக்கம் வேற வயல் இருக்கு, ஒண்ணா இருந்தா தேவலன்னாரு. இதுன்னா அம்மா கொல்லையில ஒக்காந்தே பாத்துக்கலாம். நான்தான் மாத்திக்கலாம்னு சொன்னேன்." கொஞ்சம் நடந்துவிட்டு, "தப்பா அண்ணி?" என்றாள்.

தப்பில்லை. அதுதான் கடுப்பு. அப்பா போலீஸுக்கு எதிரே நின்று வாங்கின வயலை இவள் ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டாள், அதிலும் நியாயம் அவள் பக்கமே இருந்தது.

கொல்லைப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அறுப்பு ஆட்கள் வந்து நின்றார்கள். என் கையில் கதிரைப் பார்த்து, "என்னடி இது?" என்றாள். தம்பி பெண்டாட்டி எவ்வளவோ பூசி மெழுகினாள். அம்மாவிடம் அது பலிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "போச்சு" என்றாள்.

"என்னம்மா போச்சு?"

"ஒரு கை, ஒரு போகம், ஒரு வயல். உங்கப்பா சொன்னத நீயே மறந்துட்டியா? இந்தப் போகத்து ராசியக் கொண்டுபோயி அங்க வச்சுட்டு வந்துட்டே. இனிமே இங்க நீ மொதல் வைக்கக்கூடாது."

"நான் எங்க வைக்கப்போறேன்? அதான் உன் பாப்பா இருக்காளே" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. "கூறுகெட்டவளே" என்றாள். "பள்ளத்து வயலத் தவிர ஊர்ல எல்லாம் அறுத்து முடிச்சாச்சு. நெல்லு கொட்டுது, கொட்டுதுன்னு உன் தம்பி தெனமும் கத்துனான். அண்ணி லீவுல வரட்டும், அவங்கதான் வைக்கணும்னு புடிவாதமா நிறுத்தி வச்சிருந்தது யாரு? இவதான். உங்கப்பா மாதிரி காலையில கையில குடுக்கணும், முன்னாடி சொல்லக்கூடாதுன்னு என் வாயையும் கட்டிப்போட்டா. அருவாளுக்குப் பிடி யாருக்குப் போட்டான்னு நெனச்சே? ஒனக்குத்தான்டி."

நான் கையைத் திறந்து பிடியைப் பார்த்தேன். சின்னப் பிடி. அவளுடைய கைக்கு அது பற்றவே பற்றாது.

"பரவால்லம்மா, அண்ணியே வைக்கட்டும். யாரு பாக்கப் போறா?" என்றாள் அவள். அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அப்பா சொன்ன விதி அது. அரிவாளை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். பழைய பழக்கத்தில் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, சின்னப் பிடியை இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்து அறுத்தாள். நான் வரப்பில் அடுத்தவர் வயல் கதிரை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் காலடியில் பார்த்தேன். பயிருக்குக் கீழே தரையெல்லாம் நெல் உதிர்ந்து கிடந்தது. என் லீவுக்காக நின்ற பயிர் அது. எனக்காக உதிர்ந்த நெல்.

வருஷத்தின் முதல் ஞாயிறு இரண்டு பேரும் இரண்டு கட்டைத் தூக்கிக்கொண்டு சர்ச்சில் நடுவில் நடந்தோம். ஐயர் என் கட்டை வாங்கிக்கொண்டு, "இது எந்த வயல்?" என்று கேட்டார். "பக்கத்து வயலுங்க ஐயரே" என்றேன். பீடத்துக்கு முன்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஜெபத்தில் கண்ணை மூடாமல் பார்த்தேன். என்னுடையதுதான் பெரியது. அந்த அளவுக்காவது ஒரு திருப்தி.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, டின் நிறைய அச்சு முறுக்கை ஒன்றும் உடையாமல் அடுக்கி என் பையில் வைத்தாள். பிள்ளைகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் என் பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, அடுத்த வருஷம் அரையாண்டு லீவு எப்போன்னு கேட்டுச் சொல்லிடுங்க. அதுக்குத் தக்கனதான் நாத்து விடணும்."

அது அப்பாவின் வார்த்தை. அவள் அப்பாவைப் பார்த்ததுகூட இல்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும். என் நட்சத்திரம் போய், என் பேர் போய், என் வயல் போய், கடைசியில் என் அப்பாவின் வாயையும் எடுத்துக்கொண்டாளே என்று நினைத்தேன். வேறு யாரும் அதை என்னிடம் கேட்கப்போவதில்லை என்பதும் அப்போதே தெரிந்தது.

பஸ் வந்து நின்றது. பிள்ளைகளை ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன்.